'மச்சி, இப்ப என்ன கேட்டுட்டு இருக்க?' - இசைக்கலைஞர்கள் ஒருவரையொருவர் ஏன் இப்படிக் கேட்கிறார்கள்?

ரிகர்சல் இடைவேளை. டீ வந்தாச்சு. கிட்டாரை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு ஒருவர் டிரம்மரிடம் கேட்கிறார்: "மச்சி, இப்ப என்ன கேட்டுட்டு இருக்க?" டிரம்மர் பதில் சொல்லவில்லை. போனை எடுத்து, காதில் இருந்த இயர்போனில் ஒன்றைக் கழற்றி நீட்டுகிறார். "இதக் கேளு. பாட்டை விடு, பேஸ் என்ன பண்ணுதுன்னு மட்டும் கவனி."

வார நாட்களில் ஆபீஸ், சனி ஞாயிறு பேண்ட் என்று ஓடுகிறவர்களுக்கு இது ரொம்பப் பழகிய காட்சி. வெளியே இருந்து பார்த்தால் வெறும் அரட்டை. ஆனால், சுமார் 60 வருடங்களுக்கு முன்பு நடந்த இப்படி ஓர் அரட்டை, ஒரு ராக் கிட்டாரிஸ்ட்டை சிதார் மேதையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதே கிட்டாரிஸ்ட், எப்போதோ கேட்டு மறந்துபோன ஒரு பாட்டால் பின்னாளில் கோர்ட் படியும் ஏற வேண்டியிருந்தது.

அவர் ஜார்ஜ் ஹாரிசன். பீட்டில்ஸ் குழுவின் லீட் கிட்டாரிஸ்ட். அவருக்கு நடந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்த டீ இடைவேளைக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்று புரியும்.

லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் ஓய்வு நாள்

1965 ஆகஸ்ட். பீட்டில்ஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள். கச்சேரிகளுக்கு நடுவே கிடைத்த ஓய்வில், லாஸ் ஏஞ்சலிஸ் மலைப்பகுதியில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் தங்கியிருந்தார்கள். அங்கே வந்த விருந்தாளிகளில் 'தி பேர்ட்ஸ்' குழுவின் ரோஜர் மெக்கினும் டேவிட் கிராஸ்பியும் உண்டு.

இசைக்காரர்கள் கூடினால் என்ன நடக்கும்? கிட்டார் கைமாறும். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு, யார் என்ன கேட்கிறார்கள் என்பதில் வந்து நிற்கும். கிராஸ்பி அப்போது பண்டிட் ரவிசங்கரின் சிதார் இசைத்தட்டுகளில் மூழ்கிக் கிடந்தார். அந்தப் பாணி எப்படி இருக்கும் என்று கிட்டாரில் வாசித்துக் காட்டினார்கள். ரவிசங்கரைப் பற்றி ஹாரிசனிடம் சொன்னார்கள்.

ஹாரிசனுக்கு சிதார் முற்றிலும் புதிதல்ல. சில மாதங்களுக்கு முன்பு 'ஹெல்ப்!' படப்பிடிப்பில், இந்திய உணவகக் காட்சிக்காக வந்திருந்த கலைஞர்களிடம் அதைப் பார்த்திருந்தார். ஆனால் ஒரு கருவியைப் பார்ப்பது வேறு, அதில் யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிவது வேறு. அந்த இரண்டாவது தகவல் அவருக்கு சக கலைஞர்கள் வாயிலாக வந்தது.

அப்புறம் எல்லாமே வேகம்தான். அதே அக்டோபரில் 'நார்வீஜியன் வுட்' பாடலுக்கு ஹாரிசன் சிதார் வாசித்தார். டிசம்பரில் 'ரப்பர் சோல்' ஆல்பத்தில் அது வெளியானது. 1966-ல் லண்டனில் ரவிசங்கரை நேரில் சந்தித்தார். செப்டம்பரில் அவரிடம் பாடம் கற்க இந்தியாவுக்கே வந்துவிட்டார். 1971-ல் வங்கதேச அகதிகளுக்கு உதவ வேண்டும் என்று ரவிசங்கர் கேட்டபோது, ஹாரிசன் தன் நண்பர்களைத் திரட்டினார். ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 'கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்' நடந்தது. டிக்கெட் வசூல் மட்டும் 2.4 லட்சம் டாலரைத் தாண்டியது.

சரி, கிராஸ்பிக்கு யார் சொன்னது?

பேர்ட்ஸ் குழு பிரபலமாவதற்கு முன்பு ஒத்திகை பார்த்ததும், டெமோ பதிவு செய்ததும் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த வேர்ல்ட் பசிஃபிக் ஸ்டுடியோவில். ரவிசங்கரின் இசைத்தட்டுகளை அமெரிக்காவில் வெளியிட்டுக்கொண்டிருந்ததும் அதே வேர்ல்ட் பசிஃபிக் நிறுவனம்தான். அந்தப் பழக்கத்தில் வந்ததுதான் கிராஸ்பியின் சிதார் கிறுக்கு.

கிராஸ்பியின் இன்னொரு கிறுக்கு, சாக்சஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேன். கோல்ட்ரேனும் ரவிசங்கரைக் கூர்ந்து கேட்டவர். 1961-ல் அவர் பதிவு செய்த ஒரு படைப்பின் பெயரே 'இந்தியா'. 1965-ல் பிறந்த தன் மகனுக்கு அவர் வைத்த பெயர் ரவி. அந்த ரவி கோல்ட்ரேன் இன்று பெயர் பெற்ற சாக்சஃபோன் கலைஞர்.

1965 இறுதியில் பேர்ட்ஸ் குழு ஊர் ஊராகச் சுற்றியபோது கையில் ஒரு கேசட் ரெக்கார்டர் இருந்தது. பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தி அப்போது இரண்டே வருடம். கேசட்டின் ஒரு பக்கம் கோல்ட்ரேன், மறுபக்கம் ரவிசங்கர். வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். 1966 மார்ச்சில் வெளியான அவர்களுடைய 'எய்ட் மைல்ஸ் ஹை' பாடலின் தொடக்க கிட்டார் இசை, கோல்ட்ரேனின் 'இந்தியா'வைக் கேட்டு வந்தது. இதை மெக்கினே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தச் சங்கிலியில் நம்ம ஊருக்கும் ஓர் இடம் உண்டு. ரவிசங்கர் கர்நாடக இசையை ஆர்வத்தோடு கேட்டவர். கீரவாணி, சாருகேசி போன்ற ராகங்களை சிதாரில் வாசித்து வட இந்திய மேடைகளில் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். 1974-ல் ஹாரிசனும் ரவிசங்கரும் சேர்ந்து வட அமெரிக்காவில் கச்சேரிகள் நடத்தியபோது, ரவிசங்கரின் குழுவில் வயலின் எல்.சுப்பிரமணியமும், மிருதங்கம் டி.வி.கோபாலகிருஷ்ணனும் இருந்தார்கள்.

வாங்கியதைச் சொன்னபோது...

இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதை இல்லை. 1964-ல் வெளியான 'எ ஹார்ட் டேஸ் நைட்' படத்தில் ஹாரிசன் கையில் ஒரு ரிக்கன்பேக்கர் 12 கம்பி கிட்டாரைப் பார்த்துத்தான் மெக்கின் அதே மாதிரி ஒன்றை வாங்கினார். பேர்ட்ஸ் குழுவின் அடையாளமாகவே ஆனது அந்தக் கிட்டார் ஓசை.

அடுத்த வருடம் அந்த ஓசை ஹாரிசனிடமே திரும்பி வந்தது. பேர்ட்ஸ் வாசித்த 'தி பெல்ஸ் ஆஃப் ரிம்னி'யின் கிட்டார் ரிஃப் அவரைப் பிடித்துக்கொண்டது. அதை வைத்து 'இஃப் ஐ நீடட் சம்ஒன்' பாடலை எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. இரண்டு குழுக்களுக்கும் வேண்டியவரான டெரெக் டெய்லர் மூலம், இந்தப் பாட்டு உங்களிடமிருந்து வந்தது என்று பேர்ட்ஸுக்கே சொல்லி அனுப்பினார்.

சண்டை வரவில்லை, கேஸும் வரவில்லை. மெக்கின் அதைப் பெருமையாகத்தான் நினைவுகூர்ந்தார்.

சொல்ல முடியாமல் போனபோது...

1970-ல் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்' வெளியாகி உலகமெங்கும் ஹிட் ஆனது. அடுத்த வருடமே வழக்கு. 1963-ல் 'தி ஷிஃபான்ஸ்' பெண்கள் குழு பாடி, அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'ஹீ இஸ் ஸோ ஃபைன்' பாடலின் மெட்டு இதில் இருக்கிறது என்பதுதான் புகார். அதை எழுதியவர் ரானி மேக்.

எட்வின் ஹாக்கின்ஸ் குழுவின் 'ஓ ஹேப்பி டே' என்ற பக்திப் பாடல்தான் தனக்கு உந்துதல் என்றார் ஹாரிசன். தன் நினைவில் இருந்த தாக்கத்தை அவர் மறைக்கவில்லை. நினைவில் இல்லாதது இன்னொன்று இருந்தது என்பதுதான் சிக்கல்.

1976-ல் தீர்ப்பு வந்தது. ஹாரிசன் வேண்டுமென்றே திருடவில்லை என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் இரண்டு மெட்டுகளும் அடிப்படையில் ஒன்றே என்றும், எப்போதோ கேட்டது ஆழ்மனதில் தங்கி, அவர் அறியாமலே வெளியே வந்திருக்கிறது என்றும் சொன்னார். சட்டத்தின் பார்வையில் அதுவும் காப்பிதான். இழப்பீடு விவகாரம் அதற்குப் பிறகும் பல வருடங்கள் இழுத்தது.

சிம்பிளாகச் சொன்னால், கேட்பது எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. எது எங்கிருந்து வந்தது என்ற முகவரி மட்டும் அழிந்துவிடுகிறது. இசைக்கலைஞருக்கு இருக்கும் நிஜமான ஆபத்து இதுதான்.

மெக்கார்ட்னி என்ன செய்தார்?

அதே பீட்டில்ஸில் இன்னொருவருக்கும் இந்தப் பயம் வந்தது. பால் மெக்கார்ட்னி ஒருநாள் தூங்கி எழுந்தபோது ஒரு மெட்டு முழுசாகத் தலைக்குள் இருந்தது. இவ்வளவு சுலபமாக வந்ததால் அவருக்கே சந்தேகம். எங்கேயோ கேட்டதுதான் திரும்ப வருகிறதோ?

அவர் செய்தது எளிமையான காரியம். பார்க்கிற இசைக்காரர்களிடம் எல்லாம் வாசித்துக் காட்டி, இது உங்களுக்குத் தெரிந்த பாட்டா என்று வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் உரிமை கோரவில்லை. அதன் பிறகே அது தன்னுடையது என்று நம்பினார். 1965-ல் வெளியான 'எஸ்டர்டே' அதுதான்.

கவனித்தால், இது அதே டீ இடைவேளைக் கேள்வியின் மறுபக்கம். "நீ என்ன கேக்குற?" என்று கேட்டால் புதுசு கிடைக்கும். "இதை நீ எங்கயாவது கேட்டிருக்கியா?" என்று கேட்டால் பழசு பிடிபடும்.

ஆப் இருக்கே, அது போதாதா?

ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் எல்லாம் தினமும் புதுப்புது பாட்டைக் காட்டத்தானே செய்கின்றன? காட்டுகின்றன. ஆனால் அவை வேலை செய்யும் விதம் வேறு. 'இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் அதையும் கேட்டார்கள்' என்ற கணக்கும், பாட்டுகளின் ஒலி ஒற்றுமையும் பெரும்பங்கு வகிக்கின்றன. அதனால் நீங்கள் ஏற்கெனவே நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சுற்ற வாய்ப்பு அதிகம்.

கூட வாசிக்கிறவர் அப்படி இல்லை. உங்கள் கை எங்கே தடுமாறுகிறது, எந்தத் தாளத்தில் நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். ராக் வாசிப்பவரிடம் நாகஸ்வரக் கச்சேரி ஒன்றைக் கொடுத்து, "தவில் எங்க நிறுத்துதுன்னு மட்டும் பாரு" என்று சொல்ல அவரால் முடியும். பாட்டோடு சேர்த்து, அதில் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் கொடுக்கிறார்.

இதில் ஒரு கூச்சமும் இருக்கு

உண்மையைச் சொன்னால், பலர் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதில்லை. ஜாஸ் நண்பர்களிடம் குத்துப்பாட்டு கேட்பதைச் சொல்ல வெட்கம். சபா வட்டாரத்தில் மெட்டல் கேட்பதைச் சொல்லத் தயக்கம். "என் டேஸ்ட்டைப் பார்த்து சிரிச்சுடுவாங்களோ?" என்ற பயத்தில், கேட்காத பெரிய பெயர் ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கும் ஒன்றும் கிடைக்காது, நமக்கும் ஒன்றும் திரும்பி வராது. 1965-ல் ராக் குழுக்காரர்கள் சிதார் தட்டு கேட்பதும் வழக்கமான ரசனை இல்லை. கிராஸ்பி வெட்கப்பட்டு வாயை மூடியிருந்தால்?

நீங்கள் என்ன செய்யலாம்?

* வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். 40 லிங்க் ஒரே நாளில் அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள்.

* லிங்க்கோடு ஒரு வரி சேருங்கள். எத்தனையாவது நிமிடம், எந்தக் கருவி, எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

* உங்கள் கருவி இல்லாத, உங்கள் பாணி இல்லாத ஒன்றையும் அவ்வப்போது கேட்டுப் பகிருங்கள்.

* பேண்டுக்கு என்று ஒரு கூட்டு பிளேலிஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள். யார், எப்போது, எதைச் சேர்த்தார்கள் என்பது அதில் பதிவாகும். நாளைக்கு ஒரு மெட்டு எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்கலாம்.

* புது மெட்டு வந்தால், பதிவு செய்வதற்கு முன்பு நான்கு பேரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இது வேற எதையாவது ஞாபகப்படுத்துதா?" என்றும் கேளுங்கள்.

* யாரிடமிருந்து வாங்கினீர்களோ, அவரிடமே சொல்லிவிடுங்கள். ஆனால் ஒன்று, பெயர் சொல்லிவிட்டால் மட்டும் அடுத்தவர் மெட்டை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததாக ஆகாது. உந்துதல் வேறு, மெட்டை அப்படியே எடுப்பது வேறு. இரண்டாவதற்கு உரிமை வாங்கியே ஆக வேண்டும்.

அடுத்த ரிகர்சலில் டீ வரும்போது யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், பெரிய பெயர் தேட வேண்டாம். நேற்று ராத்திரி பஸ்ஸில் நிஜமாகவே எதைக் கேட்டுக்கொண்டு வந்தீர்களோ, அதைப் போட்டுக் காட்டுங்கள்.