புது டயர் போட்டால் மைலேஜ் ஏன் குறைகிறது?

நான்கு டயரையும் மாற்றிய கையோடு மைலேஜ் கணக்குப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். முன்பு கொடுத்த மைலேஜை வண்டி இப்போது கொடுக்காது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரர் மீது சந்தேகம் வரும். பாவம், அவர்மேல் தப்பில்லை.

ஒரு பங்கு மீட்டரின் வேலை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் அது கிலோமீட்டர் காட்டுகிறது. 185/65 ஆர்15 அளவுள்ள புது டயரின் விட்டம் சுமார் 62 செ.மீ. ரப்பர் 6 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 12 மி.மீ. சுருங்கும், கிட்டத்தட்ட 2 சதவீதம். சிறுத்த சக்கரம் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும், மீட்டரும் கூட்டிக் காட்டும். பழைய மைலேஜில் கொஞ்சம் பொய் கலந்திருந்தது.

மீதி உண்மையான இழப்பு. உருளும் டயரில் தரையைத் தொடும் இடம் நசுங்கி, மேலே போனதும் நிமிர்கிறது. நசுங்கும்போது வாங்கிய ஆற்றலை ரப்பர் முழுதாகத் திருப்பித் தராது. ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். ரப்பர் தடிமனாக இருக்கும் புது டயரில் இந்த இழப்பு அதிகம். மைலேஜை மட்டும் பார்த்தால் மொட்டை டயரே மேல் என்றாகிவிடும்!

அந்தத் தடிமனின் அருமை மழையில்தான் தெரியும். புது டயரில் சுமார் 8 மி.மீ. ஆழமுள்ள பள்ளங்கள் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகின்றன. ஆழம் 1.6 மி.மீ. ஆனதும் டயரை மாற்றியாக வேண்டும். அதைக் காட்டவே பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கின்றன. பள்ளத்தால் ஒதுக்க முடியாத அளவு நீர் நின்றால் டயர் தரையை விட்டு நீரில் மிதக்கும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் பலிக்காது. எந்த வேகத்தில் மிதக்கும் என்று 1960-களில் நாசா விமான டயர்களை வைத்து ஆராய்ந்தது. அந்த வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு ஏறி இறங்குகிறது. அவர்களின் சூத்திரப்படி 32 பிஎஸ்ஐ என்றால் மணிக்குச் சுமார் 94 கி.மீ.; 24 என்றால் 82. கார் டயருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாவிட்டாலும், காற்று குறைந்தால் சீக்கிரமே மிதக்கும் என்பது பொருந்தும்.

காரின் பாரத்தைத் தாங்குவதும் பெரும்பாலும் அந்தக் காற்றுதான். ஒரு சக்கரத்தில் 250 கிலோ இறங்குகிறது, உள்ளே 32 பிஎஸ்ஐ இருக்கிறது என்றால், தரையைத் தொடுவது ஏறத்தாழ 110 சதுர செ.மீ., அதாவது கையகல இடம். காற்று இறங்கினால் இது அகலும். பிடிமானம் கூடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பக்கச் சுவர் சுற்றுக்குச் சுற்று மடங்கிச் சூடேறும், இரு ஓரமும் தேயும், நெடுஞ்சாலை வேகத்தில் டயரே பிரிந்துவிடலாம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்ற விவகாரத்தில், ஃபோர்டு எக்ஸ்ப்ளோரருக்குச் சொல்லப்பட்ட 26 பிஎஸ்ஐ என்ற குறைந்த அழுத்தமும் விவாதப் பொருளானது. அதையொட்டி வந்த சட்டத்தால்தான் டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு அங்கே கார்களில் கட்டாயமானது. காற்று மிஞ்சினாலோ நடுப்பகுதி தேயும், குண்டு குழியெல்லாம் முதுகுக்கு வரும்.

சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. வண்டி ஓடிச் சூடாக இருக்கும்போது அழுத்தம் சில பிஎஸ்ஐ கூடியே காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் ஆறியதும் குறைந்துவிடும்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் அவற்றை முன்னால் போடச் சொல்பவர்கள் உண்டு. டயர் நிறுவனங்கள் பின்னால் போடச் சொல்கின்றன. ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.