ஓட்டல் பில்லில் ஒளிந்திருக்கும் பத்து சதவீதம்

ராமநாதபுரத்தில் குடியிருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு விருந்தாளிப் பஞ்சம் என்பதே கிடையாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை, பள்ளிக்கூட லீவு என்று ஏதாவது ஒரு காரணத்தோடு உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். "ராமேசுவரம் வரைக்கும் நீயும் கூட வாயேன்" என்பார்கள். அக்கினி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தம், அப்புறம் தரிசனம். எல்லாம் முடிவதற்குள் பிள்ளைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வந்தா சமைக்க முடியும்? ஓட்டலுக்குத்தான் போக வேண்டும்.

சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். பில் வந்ததும் சலசலப்பு ஆரம்பிக்கும். "டிப்ஸ் எவ்வளவு வைக்கிறது?" என்பார் ஒருவர். "அதான் பில்லிலேயே சேர்த்துட்டாங்களே" என்பார் இன்னொருவர். "அது டிப்ஸ் இல்லை, வரி" என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். கடைசியில் யாரோ ஒருவர் பணத்தைக் கட்டிவிட்டு எழுந்து வருவார். எதற்காகக் கட்டினோம் என்பது யாருக்கும் தெரியாது.

காய்கறிக்காரரிடம் இரண்டு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிற நாம், ஓட்டல் பில்லை மட்டும் ஏன் படித்துப் பார்ப்பதில்லை? நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்தான் காரணம். அந்தக் கூச்சத்தில் எவ்வளவு போகிறது என்று பார்ப்போமா?

மூன்றும் ஒன்றல்ல

முதலாவது ஜி.எஸ்.டி. இது அரசாங்கத்துக்குப் போகும் வரி. சாதாரணமாக ஓட்டல் சாப்பாட்டுக்கு 5 சதவீதம். பில்லில் இரண்டரை, இரண்டரை என்று மத்திய வரி, மாநில வரி எனப் பிரித்துப் போட்டிருப்பார்கள். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள பெரிய தங்கும் விடுதிகளுக்குள் இருக்கும் ஓட்டல் என்றால் 18 சதவீதம். வரி வாங்கும் ஓட்டலின் பில்லில் 15 எழுத்தும் எண்ணும் கலந்த ஜி.எஸ்.டி. பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு ஓட்டல் என்றால் அது 33 என்று ஆரம்பிக்கும். பதிவே இல்லாத சின்னக் கடையும், மொத்த விற்பனையில் ஒரு பங்கைத் தானே வரியாகக் கட்டும் 'காம்பொசிஷன்' திட்டத்தில் உள்ள கடையும் நம்மிடம் தனியாக ஜி.எஸ்.டி. வாங்கக் கூடாது.

இரண்டாவது சர்வீஸ் சார்ஜ். இது வரியே அல்ல. ஓட்டல்காரர் தாமாகச் சேர்ப்பது. 5 சதவீதம் போடுகிறவர்கள் உண்டு. 10 சதவீதம் போடுகிறவர்களும் உண்டு. வரிக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருப்பதால் இதுவும் சர்க்கார் வரி என்று நினைத்துக் கொள்கிறோம்.

மூன்றாவது டிப்ஸ். நமக்குப் பரிமாறியவருக்கு நாம் மனமுவந்து கொடுப்பது. இது பில்லில் வராது.

சர்வீஸ் சார்ஜ் பழக்கம் பெரும்பாலும் பெரிய நகரத்து ஏ.சி. ஓட்டல்களில்தான். எங்கள் பக்கத்து மெஸ்களில் இலைச் சாப்பாட்டுக்கு யாரும் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் கல்யாண ஜவுளி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு என்று நாம் எல்லோருமே நகரத்துக்குப் போகிறவர்கள்தானே?

252 ரூபாய்

போன வருஷம் ஒரு விசேஷத்துக்காக வெளியூர் போயிருந்தோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாக எட்டுப் பேர். மதியம் ஒரு பெரிய ஓட்டலில் சாப்பிட்டோம். சாப்பாடு 2,400 ரூபாய். அதன்மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 240. இரண்டையும் கூட்டி, அந்த 2,640-க்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. 132. ஆக மொத்தம் 2,772.

சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால்? 2,400-க்கு வரி 120. மொத்தம் 2,520 தான். வித்தியாசம் 252 ரூபாய். சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்து நம்மிடம் வரி வாங்கியிருக்கிறார்கள், கவனித்தீர்களா?

மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். என் நாத்தனாருக்கு முகமே மாறிவிட்டது. "விடுங்க மதினி, எல்லாரும் பாக்குறாங்க. மானம் போகுது" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"இது எங்க ஓட்டல் ரூல்ஸ் மேடம்" என்றார் மேனேஜர்.

"சர்வீஸ் சார்ஜ் கட்டுறது எங்க விருப்பம்தானே தம்பி? அதை எடுத்துட்டு வேற பில் குடுங்க" என்றேன், குரலை உயர்த்தாமல்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. வேறு பில் வந்தது. எங்களுக்குப் பரிமாறிய பையன் நன்றாகத்தான் கவனித்திருந்தான். என் மாமியாருக்கு ரசத்தில் காரம் கூடாது என்று சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு தனியாகக் கொண்டு வந்தான். அவனைக் கூப்பிட்டு நூறு ரூபாயைக் கையில் கொடுத்தேன். "இதுதாம்மா எங்க கைக்கு வர்றது" என்றான் மெதுவாக.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று 2020-இல் அமைந்தது. அந்த ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதி ஓட்டல்களுக்கு விதிமுறைகள் வெளியிட்டது. அதன் சாரம் இது:

சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் சூட்டியும் வாங்கக் கூடாது. கட்டும்படி வற்புறுத்தக் கூடாது; இது உங்கள் விருப்பம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கட்டாதவர்களை உள்ளே விடமாட்டோம், பரிமாற மாட்டோம் என்று சொல்லக் கூடாது. சாப்பாட்டு விலையோடு அதைக் கூட்டி மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. போடக் கூடாது.

ஓட்டல் சங்கங்கள் டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயின. அதே மாதம் 20-ஆம் தேதி இடைக்காலத் தடை கிடைத்தது. பல ஓட்டல்கள் தொடர்ந்து வாங்கி வந்ததற்கு அது ஒரு காரணம். 2025 மார்ச் 28-ஆம் தேதி நீதிபதி பிரதிபா எம். சிங் தீர்ப்புச் சொன்னார். விதிமுறைகள் செல்லும், சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வசூலிப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்லி, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தார். சங்கங்கள் மேல்முறையீட்டுக்கும் போயின.

ஓட்டல்காரர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். டிப்ஸ் என்றால் பரிமாறுகிறவருக்கு மட்டும்தான் கிடைக்கும். அடுப்படியில் வேகிறவர், பாத்திரம் தேய்ப்பவர் எல்லோருக்கும் பங்கு போக வேண்டுமானால் பொதுவாக வசூலிப்பதுதான் வழி என்கிறார்கள். யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு அல்லவா? தோசை விலையைக் கூட்டி வைக்க அவருக்கு உரிமை இருக்கிறது. விலைப்பட்டியலில் பார்த்து, கட்டுப்படியானால் நாம் சாப்பிடப் போகிறோம். பட்டியலில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்றால்தான் நமக்கு வருத்தம்.

யார் கைக்குப் போகிறது?

எங்கள் தெருவில் ஓர் அக்காவின் மகன் சென்னையில் ஓட்டல் சர்வர். கடல் தொழில் வேண்டாம் என்று போனவன். "சர்வீஸ் சார்ஜுன்னு வாங்குறாங்களே அக்கா, தம்பிக்கு வருதா?" என்று கேட்டேன். "முன்னாடி இருந்த கடையில மாசக் கடைசியில கொஞ்சம் பிரிச்சுக் குடுத்தாங்களாம். இப்ப இருக்குற கடையில அந்தப் பேச்சே இல்லையாம். சாப்பிட வர்றவங்க, அதான் பில்லுல கட்டிட்டோமேன்னு டிப்ஸும் வைக்கிறதில்ல. ரெண்டும் போச்சுங்கிறான்" என்றார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. இப்போதெல்லாம் பலரும் கல்லாவில் செல்போனைக் காட்டிப் பணம் கட்டிவிட்டு அப்படியே வெளியே போய்விடுகிறார்கள். முன்பெல்லாம் சோம்புத் தட்டில் வரும் மீதிச் சில்லறையில் பத்தோ இருபதோ விட்டுவிட்டு வருவோம். இப்போது சில்லறையும் இல்லை, தட்டும் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சில்லறைதான் ஊருக்கு வரும் பஸ் செலவு. ஆகவே கைப்பையில் நாலைந்து பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகளைத் தனியாக வைத்துக் கொள்ளுங்கள். பில்லைச் செல்போனில் கட்டினாலும் டிப்ஸைக் கையில் கொடுக்கலாம்.

எவ்வளவு கொடுக்கலாம்?

நம் ஊரில் இதற்கு விதி எதுவும் இல்லை. நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். மெஸ்ஸில் இலைச் சாப்பாடு என்றால் குடும்பத்துக்கு இருபது, முப்பது. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும் ஏ.சி. ஓட்டலில் கவனிப்பு திருப்தியாக இருந்தால் பில்லில் 5 முதல் 10 சதவீதத்துக்குள். டோக்கன் வாங்கி நாமே எடுத்துச் சாப்பிடும் இடத்தில் தேவையில்லை. ஆனால் மேசை துடைக்கும் அம்மாவைப் பார்த்தால் பத்து ரூபாய் கொடுப்பேன். அவரை யாரும் நினைப்பதில்லை. சர்வீஸ் சார்ஜ் கட்டியிருந்தால் டிப்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கவனிப்பு சரியில்லை என்றால் ஒன்றும் கொடுக்காமல் வருவதிலும் தப்பில்லை.

யாத்திரை போகும் ஊர்களில் "பார்த்துப் போட்டுக் குடுங்க" என்ற வார்த்தையை அடிக்கடி கேட்பீர்கள். ஆட்டோவோ, லாட்ஜில் வெந்நீர் கொண்டு வரும் பையனோ, யாராக இருந்தாலும் கூலியை முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள். தீர்த்தமாடுவதற்குக் கோயில் டிக்கெட் உண்டு. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் உங்கள் மனசு.

வெளிநாட்டுக்குப் போனால்

மகள் பிரசவத்துக்கு, பேரப்பிள்ளையைப் பார்க்க என்று வெளிநாடு போகும் தாய்மார்கள் இப்போது அதிகம். அங்கே பழக்கம் வேறு. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டிய மத்திய அரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அது கூடவே இல்லை. பல மாநிலங்களில் அதைவிட அதிகம் உண்டு என்றாலும், டிப்ஸை நம்பித்தான் பிழைப்பு. அதனால் 15 முதல் 20 சதவீதம் கொடுப்பது வழக்கம். சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும் என்று அர்த்தம். அங்கே தனியாக டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: டிப்ஸ், சர்வீஸ் சார்ஜ் இரண்டையும் முதலாளி எடுத்துக்கொள்ளாமல் முழுதும் தொழிலாளிகளுக்கே கொடுத்துவிட வேண்டும். நல்ல சட்டம்தான், இல்லையா?

பிள்ளைகளோடு போகும்போது

காசு கொடுப்பது மட்டும் மரியாதை ஆகிவிடாது. சர்வரை "ஏய்" என்றோ, விரலைச் சொடுக்கியோ கூப்பிடாதீர்கள். தம்பி, அண்ணே என்றால் வாயா வலிக்கப் போகிறது? பிள்ளைக்குக் காரமில்லாமல் வேண்டும், பால் கலக்க வெந்நீர் வேண்டும் என்பதையெல்லாம் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் சௌகரியம். குழந்தை சாதத்தை இறைத்தால் பெரிய பருக்கைகளையாவது இலையில் அள்ளிப் போட்டுவிட்டு எழுந்திருங்கள். டிப்ஸை ஈர இலைக்கடியில் சொருகாமல், குழந்தை கையில் கொடுத்து, "மாமாவுக்குக் குடுத்துட்டு தேங்க்ஸ் சொல்லு" என்று பழக்குங்கள்.

நினைவில் வைத்துக்கொள்ள

1. ஆர்டர் கொடுக்கும் முன் விலைப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் சர்வீஸ் சார்ஜ் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அப்போதே கேட்டுவிடுங்கள். பில் வந்தபின் கேட்பதைவிட அது சுலபம்.

2. பில்லில் சேர்த்திருந்தால், எடுத்துவிட்டு வேறு பில் தரும்படி மேனேஜரிடம் கேளுங்கள். சர்வரிடம் கோபப்படாதீர்கள், பில் போட்டது அவர் அல்ல.

3. மறுத்தால், பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம்.

4. மாவட்ட ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.

5. கவனிப்பு பிடித்திருந்து, சர்வீஸ் சார்ஜைக் கட்ட விருப்பம் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். 'இது உங்களுக்கு வருமா தம்பி?' என்று சர்வரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.