அரபி எழுத்து இருந்தால் அசல் காசா?

2020 பிப்ரவரி 26 அன்று திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் மண் தோண்டியபோது, ஏழடி ஆழத்தில் ஒரு பாத்திரம் கிடைத்தது. உள்ளே 505 தங்கக் காசுகள், எடை 1.716 கிலோ. காசுகளில் அரபி எழுத்துகள் இருப்பதாகவும், கி.பி. 1000-1200 காலத்தவை என்றும் செய்தி வெளியானது. ஸ்ரீரங்கம் தீவுக்குள் அரபி எழுத்துள்ள தங்கம் என்றதும் திருச்சியில் நம் மக்களிடையே ஒரே பேச்சு. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தவர்கள் நம்மிடமே கேட்டார்கள்: "ஹஜ்ரத், எங்க வீட்டிலும் அரபி எழுத்துப் போட்ட காசு இருக்கு. அசலா?"

பதிலின் ஒரு பகுதி அந்தச் செய்தியிலேயே இருக்கிறது. 1716 கிராமை 505ஆல் வகுத்துப் பாருங்கள். காசு ஒன்றுக்குச் சராசரி 3.4 கிராம் வருகிறது. இஸ்லாமிய தீனாரின் எடை 4.25 கிராம். 3.4 கிராம் என்பது தென்னாட்டு வராகனின் எடை. ஹைதர் அலி வெளியிட்ட வராகனில் ஒரு பக்கம் சிவனும் பார்வதியும் இருப்பார்கள். மறுபக்கம் அவர் பெயரின் முதல் எழுத்தான 'ஹே' மட்டும் இருக்கும். வராகன் எடையும் அரபி எழுத்தும் ஒன்றாக வந்தால் நம் எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டுப் பக்கம்தான் போகிறதே தவிர, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் போகவில்லை. தராசு சொல்வதை முதலில் கேட்க வேண்டும், எழுத்து பிறகு.

எழுத்து மட்டும் எதையும் நிரூபிக்காது. கிழக்கிந்தியக் கம்பெனியே முகலாயப் பேரரசர் பெயரில் பார்சி எழுத்தில் ஆற்காடு ரூபாய் அடித்தது. இங்கிலாந்தின் ஒரு பகுதியை ஆண்ட ஆஃபா என்ற கிறிஸ்தவ மன்னரின் தங்கக் காசு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அது கலீஃபா மன்சூரின் ஹிஜ்ரி 157ஆம் ஆண்டு தீனாரைப் பார்த்து அடித்தது. அரபி தெரியாத கொல்லர் கலிமாவையும் சேர்த்துச் செதுக்கி, நடுவில் தம் மன்னர் பெயரைத் தலைகீழாக வைத்துவிட்டார்!

"ஸஹாபாக்கள் காலத்துக் காசு, கலிமா இருக்கிறது, வீட்டில் வைத்தால் பரக்கத்" என்று விற்பவர்களும் நம் ஊர்களுக்கு வருகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் அரபு நாட்டில் புழங்கிய தங்கக் காசு ரோமருடையது. உருவம் எதுவும் இல்லாமல் வசனங்கள் மட்டும் பொறித்த தீனாரை கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல்தான் வெளியிட்டார். அதில் ஆண்டும் எண்ணாக இல்லை, சொல்லாகவே எழுதப்பட்டிருக்கும். எனவே நபியவர்கள் காலத்துக் கலிமா தீனார் என்று யாராவது நீட்டினால் கையில் வாங்கிப் பார்க்கவே தேவையில்லை.

புதையல் காசு என்று ரகசியமாக விற்பவர்களின் தந்திரம் வேறு. முதலில் ஒன்றிரண்டு உண்மையான காசுகளைக் கொடுத்து, "எந்தக் கடையில் வேண்டுமானாலும் உரைத்துப் பாருங்கள்" என்பார்கள். பணம் கைமாறும்போது வரும் பையில் பித்தளை இருக்கும். அசலாகவே இருந்தாலும் வாங்கக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

இனி, வீட்டிலேயே இருக்கும் காசுக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது தீனாரும் அல்ல, வராகனும் அல்ல, பிரிட்டிஷ் சவரன்தான். அதன் எடை 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், தங்கம் 22 காரட். காந்தம் ஒட்டவில்லை என்பது சாட்சியாகாது. பித்தளையும் செம்பும்கூட ஒட்டுவதில்லை. மில்லிகிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசில் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்து, தராசைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீரில் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அசல் சவரன் என்றால் தராசு 0.45 கிராம் அளவில் காட்டும். அதே எடையுள்ள பித்தளை 0.9 கிராமுக்கு மேல் காட்டும். டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தி கிட்டத்தட்ட தங்கத்தின் அடர்த்திதான் என்பதால், சந்தேகம் தீராவிட்டால் பெரிய கடை வீதியில் எக்ஸ்ரே கருவி வைத்திருப்பவரிடம் காட்டலாம். ஆனால் அதுவும் மேற்பரப்பைத்தான் படிக்கும் என்பதால் இரண்டு சோதனையும் சேர்ந்தே இருக்கட்டும். அச்சடித்த காசில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். வார்த்த காசில் மழுங்கியிருக்கும், ஊசிமுனை அளவுக் குழிகளும் தெரியும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். பழங்காசை வாங்குவோர் அப்படித் தேய்த்ததற்கு விலையைக் குறைத்துவிடுவார்கள்.

பாகப்பிரிவினை விஷயமாக ஒரு குடும்பம் நம்மிடம் வந்தது. அத்தா மலேயாவிலிருந்து கொண்டுவந்த நான்கு சவரன்களை மகனுக்கு இரண்டு, மகள்கள் இருவருக்கும் ஒவ்வொன்று என்று பிரித்திருந்தார்கள். தாய் முன்பே மௌத்தாகிவிட்டார். இளைய மகள் தன் காசை அடகு வைக்கப் போனபோது, முலாம் பூசியது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் மாற்றிவிட்டார் என்று சந்தேகம். ஒன்றரை வருடம் பேச்சுவார்த்தை இல்லை. நான்கையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டோம். அண்ணனுடைய இரண்டில் ஒன்றும் முலாம்தான். அத்தா வாங்கிய இடத்திலேயே ஏமாந்திருக்கிறார்.

அசல் காசு இரண்டுதான் என்றானதால் பழைய பிரிவினை செல்லாது. ஒன்று மகனுக்கு. மற்றதை விற்று மகள்கள் இருவரும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். முலாம் காசு இரண்டையும், "அத்தா ஞாபகமா இருக்கட்டும்" என்று இளைய மகளே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.