சேதுக்கரைக் குறிப்புகள்: ஆங்கிலத்துக்கு ஒரு காப்பு

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன 1964 டிசம்பர் 22 இரவைப் பற்றிக் கடந்த வாரம் எழுதினேன். அதற்குச் சரியாக ஐந்து வாரம் கழித்து, 1965 ஜனவரி 26 அன்று, மத்திய அரசின் அலுவல்களில் ஆங்கிலம் நீடிக்க அரசியலமைப்புச் சட்டம் கொடுத்திருந்த 15 ஆண்டுத் தவணை முடிந்தது. புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்து, ராமேஸ்வரம் தீவு துண்டுபட்டுக் கிடந்த நேரம் அது. இந்தப் பக்கம் மதுரையில் ஜனவரி 25 அன்று மாணவர் ஊர்வலம் கலவரத்தில் முடிய, தமிழ்நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது.

அந்தப் போராட்டத்தை இந்தி எதிர்ப்பு என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அதன் இன்னொரு பாதியைச் சொல்ல இப்போது நமக்குக் கூச்சமாக இருக்கிறது. தில்லியின் ஆட்சிமொழியாக ஆங்கிலம் தொடர வேண்டும் என்பதும் அன்று தெருவில் இறங்கியவர்களின் கோரிக்கைதான். தமிழைத் தாயாக நினைத்தவர்கள், முழுத் தெளிவோடு கேட்டது அது.

அந்தத் தெளிவுக்கு வந்து சேர ராஜாஜிக்கே இருபது ஆண்டு பிடித்தது. 1937-ல் சென்னை மாகாணப் பிரதமராகிப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். அதை எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் உயிரிழந்தார்கள். அதே ராஜாஜி 1958-ல் கல்கத்தாவில் கூடிய மொழி மாநாட்டில், ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்று வாதாடும் அணியின் முன்வரிசையில் இருந்தார். மறு ஆண்டு ஃபிராங்க் அந்தோணி, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் ஆங்கிலத்தைச் சேர்க்க வேண்டுமென்று நாடாளுமன்றத்தில் கேட்டார். அந்த விவாதத்தில்தான், இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும் என்ற உறுதியை நேரு கொடுத்தார். ஆனால் 1963 ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் தொடரலாம் என்று அனுமதி தந்ததோடு நின்றுவிட்டது. தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 1967 திருத்தத்தில்தான் வந்தது. நடுவில் எத்தனை பிணங்கள் விழுந்தன!

ராஜாஜியின் வாதத்தில் எனக்கு இன்றும் அசைக்க முடியாததாகத் தெரிவது ஒன்று: சுமை எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும். கான்பூர்க்காரரும் கமுதிக்காரரும் ஆங்கிலத்தைப் படித்துத்தான் கற்க வேண்டும். இந்தி மட்டும் என்றால் ஒருவர் தாய்மடியிலேயே தேர்வு எழுதி முடித்துவிடுகிறார்.

இந்தக் கரை அதை முன்பே பார்த்திருக்கிறது. 1897 ஜனவரியில் கொழும்பு, யாழ்ப்பாணம் வழியாகப் பாம்பனில் வந்து இறங்கிய விவேகானந்தரை பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் சுவாமிகள் ஆங்கிலத்தில் பேச, ஒருவர் உடன் நின்று தமிழில் சொன்னார். வங்காளத்துத் துறவிக்கும் மறவர் சீமை மன்னருக்கும் பொதுவாக இருந்தது அந்த மொழிதான்.

இப்போது தங்கச்சிமடத்துக்கு வருவோம். விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டால், விடிவதற்குள் மனு தயாராகிவிடும். முழுநீள வெள்ளைத் தாள். படகின் பதிவு எண், டோக்கன் வாங்கிய தேதி, ஓட்டுநர் யார், கூடப் போனவர்கள் யார் யார், தகப்பன் பெயர், வயது. கடைசியில், என் வீட்டுக்காரரை மீட்டுத் தாருங்கள் ஐயா என்று ஒரு வரி. எல்லாம் தமிழில். மீன்வளத் துறை அலுவலகம், கலெக்டர் அலுவலகம் தாண்டிச் சென்னைக்குப் போகும் வரை அது தமிழ்தான். கோட்டையிலிருந்து வெளியுறவு அமைச்சருக்குப் போகும் கடிதம் ஆங்கிலத்தில் புறப்படுகிறது. அங்கிருந்து கொழும்புத் தூதரகம், இலங்கை அரசு என்று போகும் தாள்களும் ஆங்கிலம்தான். 1956-ல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கி ஆங்கிலத்தைத் துரத்திய நாடு அது. முப்பது ஆண்டு கழித்து, 1987-ன் 13-வது திருத்தத்தில், தமிழையும் ஆட்சிமொழியாக ஏற்று, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகத் திரும்ப அழைத்துக்கொண்டது. இடையில் அந்த மண் கொடுத்த விலை, அகதிகள் வந்திறங்கிய இந்தக் கரைக்குத் தெரியும். இன்று மன்னார் நீதிமன்றத்தில் நம்மூர் மீனவருக்குத் தமிழில் பேச முடிகிறது. தில்லியோடு நமக்கு அந்த வசதி இல்லை. நம் அரசியலமைப்பின் 350-வது பிரிவின்படி தமிழில் மனுக் கொடுக்கலாம். பதில் தமிழில் வரும் என்ற உறுதி கிடையாது.

ஆங்கிலத்தில் கேட்டாலாவது ஆங்கிலத்தில் பதில் வருமா? மத்திய ரிசர்வ் போலீஸ் படைத் தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் மையம் வேண்டும் என்று மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் 2020-ல் எழுதிய கடிதத்துக்கு உள்துறை இணையமைச்சரிடமிருந்து இந்தியில் பதில் வந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். ஆங்கிலத்தில் வந்த மனுவுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் தர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் சொன்னது. ராமநாதபுரமும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஒரு எம்.பி.யே நீதிமன்றம் ஏறித்தான் தனக்குப் புரிகிற மொழியில் பதில் வாங்க வேண்டியிருக்கிறது என்றால், மனு எழுதிய அந்த அம்மாவின் கதி என்ன?

ஆங்கிலம் மட்டும் அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தெரியாது. அதனால்தான் அவர் படியேறும் முதல் மேஜையில், அது மண்டபத்தில் உள்ள மத்திய அலுவலகமாக இருந்தாலும், தமிழ் இருக்க வேண்டும் என்கிறேன். தமிழும் மத்திய ஆட்சிமொழியாக வேண்டும். அது நடக்கும் வரையிலும், நடந்த பிறகும், மாநிலங்களுக்கு நடுவே ஓடும் கோப்புக்கு ஒரு பொதுமொழி தேவை. அது எந்த மாநிலத்தின் வீட்டுச் சொத்தாகவும் இருக்கக் கூடாது.

ஆங்கிலத்துக்கு இன்று இருக்கும் காப்பு மிக மெல்லியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் எல்லாம் தீர்மானம் போட்டால் ஒழிய ஆங்கிலத்தை நீக்க முடியாது என்கிறது ஆட்சிமொழிச் சட்டத்தின் 3(5) பிரிவு. படிக்கத் தெம்பாக இருக்கும். ஆனால் அந்தப் பிரிவையே நீக்க நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். அரசியலமைப்பின் 343-வது பிரிவில் ஆட்சிமொழி என்று எழுதியிருப்பது இன்னும் இந்தி மட்டும்தான். அங்கே இந்திக்குப் பக்கத்தில் ஆங்கிலமும் ஏற வேண்டும்.

அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களால் ஆகிற காரியம் அல்ல. நாகாலாந்தும் மேகாலயாவும் அருணாசலப் பிரதேசமும் ஆங்கிலத்தையே தங்கள் ஆட்சிமொழியாக வைத்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் தில்லியில் போய் முழக்கமிடுவதற்கு முன்னால், நம் உறுப்பினர்கள் கோஹிமாவுக்கும் ஷில்லாங்குக்கும் போய் உட்கார்ந்து பேசட்டும்.

(தொடரும்)