ஒரே தாளில் ஐந்து பேனா

சங்க ஆண்டு மலருக்கு மெய்ப்புத் திருத்துவதென்றால் முன்பெல்லாம் காகிதக் கட்டுடன் வீடு வீடாக அலைவோம். இப்போது கூகுள் டாக்ஸ் இருக்கிறது. 2005-இல் 'ரைட்லி' என்ற பெயரில் பிறந்து, 2006-இல் கூகுள் கைக்குப் போன மென்பொருள். ஒரே கட்டுரையை ஐந்து பேர் அவரவர் வீட்டிலிருந்தே ஒரே நேரத்தில் திருத்தலாம். எது கடைசிப் பிரதி என்ற குழப்பமில்லை. முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்காவிட்டால், இணையம் நின்றதும் வேலையும் நின்றுவிடும் என்பது சிறு குறை.

பெரிய குறை சென்ற மலரின்போதுதான் புரிந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் தம் இளமை நினைவுகளைத் தஞ்சைப் பேச்சுவழக்கிலேயே எழுதியிருந்தார். ஆளுக்கொரு கை வைத்தோம். அவருடைய 'ஆத்தங்கரை'யை 'ஆற்றங்கரை' ஆக்கியவன் நான்தான். அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்த்தவர், "பிழையே இல்லை சார். ஆனா, இது நான் எழுதினது இல்லையே!" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

நல்லவேளையாக, பழைய வடிவங்களையும் அந்த மென்பொருள் சேமித்து வைத்திருந்தது. முதல் வடிவத்தை மீட்டு, தட்டச்சுப் பிழைகளை மட்டும் களைந்து அச்சேற்றினோம்.

இந்த ஆண்டு எங்கள் குழுவினருக்குப் பரிந்துரைக்கும் உரிமை மட்டுமே. ஏற்பதும் தள்ளுவதும் எழுதியவர் விருப்பம். வசதி பலருக்குப் பொதுவாக இருக்கட்டும்; எழுத்து எழுதியவருடையதாகவே இருக்க வேண்டும்.