மில் இல்லத்துப் பள்ளிக்கூடம்

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. குடிமக்களின் பிள்ளைகள் உரிய வயதில் தேசியத் தொடக்கப்பள்ளியிற் சேர வேண்டும் என்பது அதன் விதி. எனினும், வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோர்க்கு ஒரு வாயில் திறந்துவைக்கப்பட்டது. விலக்குக் கேட்டு, கற்பிக்கப்போகும் பாடங்களைக் காட்டி ஒப்புதல் பெற்றால் அவ்வாறு செய்யலாம். ஆனால் பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதிக் குறித்த தரத்தை எட்டியாக வேண்டும். இவ்வழியிற் செல்லும் குடும்பங்கள் மிகச் சிலவே. ஆயினும் வீட்டுக் கல்வியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அதனைப் போற்றுவோரும் அதற்கு அஞ்சுவோரும் ஒருங்கே எடுத்துக்காட்டும் பெயர் ஒன்றுண்டு. அது ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞரின் பெயராம்.

மூன்று வயதிற் கிரேக்கம் தொடங்கினார், எட்டு வயதில் இலத்தீன், பன்னிரண்டில் தருக்க நூல் என்று அவருடைய இளமையை வியந்து கூறுவது வழக்கம். இவ்வியப்பினால் ஆசிரியர்க்கு விளையும் பயன் குறைவு. அவ்வீட்டில் ஒருநாட் பொழுது எவ்வாறு கழிந்தது, யார் யார் எச்சுமையைத் தாங்கினர் என்று நோக்குவதே பயனுடையது. அதற்குச் சான்றுகள் இரண்டு உள்ளன. ஒன்று, மில் தாமே எழுதி, அவர் மறைந்த 1873ஆம் ஆண்டிலேயே வெளிவந்த தன்வரலாறு. மற்றொன்று, அக்குடும்பத்துடன் சில வாரம் தங்கியிருந்த நண்பரொருவர் 1817இல் தம் மனைவிக்கு எழுதிய கடிதம்.

தந்தை ஜேம்ஸ் மில், ஸ்காட்லாந்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தவர். 1802இல் இலண்டன் வந்து, இதழ்களுக்கு எழுதிப் பிழைத்தார். 1805இல் மணம் புரிந்தார். அடுத்த ஆண்டு ஜான் பிறந்தான். அதே ஆண்டில் இந்தியாவின் வரலாற்றை எழுதத் தொடங்கினார் தந்தை. மூன்றாண்டில் முடியும் என்று எண்ணிய நூல் பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. அதற்குள் வீட்டில் பிள்ளைகள் பெருகினர். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை கிடைக்கும் வரை, நிலையான வருவாய் என்று ஒன்று அவ்வீட்டுக்கு இல்லை. எழுதினால் அடுப்பு எரியும், எழுதாவிட்டால் எரியாது. இத்தகைய மனிதரே தம் மூத்த மகனைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்து, ஆசிரியப் பணியையும் தம் தோளில் ஏற்றிக்கொண்டார். பிற சிறுவரின் பழக்கங்களும் தாழ்ந்த எண்ணங்களும் மகனைப் பற்றிக்கொள்ளும் என்பது அவர் அச்சம். உழைக்கும் பழக்கம் அறுந்துபோகும் என்று கருதி விடுமுறையும் விடவில்லை.

படிப்பு நடந்த இடம் தந்தை எழுதிக்கொண்டிருந்த அதே அறை, அதே மேசை. கிரேக்கச் சொற்களையும் அவற்றின் ஆங்கிலப் பொருளையும் சிறு அட்டைகளில் எழுதித் தருவார்; பையன் மனப்பாடம் செய்வான். பின்னர் நூல்களைப் படிக்கப் புகுந்தபோது ஓர் இடர் நேர்ந்தது. கிரேக்கச் சொல்லுக்கு ஆங்கிலத்திற் பொருள் கூறும் அகராதி அந்நாளில் இல்லை. இலத்தீனிற் பொருள் கூறும் அகராதியே உண்டு. பையனுக்கோ இலத்தீன் தெரியாது. ஆகவே தெரியாத சொல் வரும்போதெல்லாம் தந்தையையே கேட்க வேண்டும். வரலாற்று நூலின் வாக்கியம் பாதியில் நிற்க, பேனாவை நிறுத்தி ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுவார். அடுத்த வரியில் மீண்டும் ஒரு சொல். தந்தை பொறுமைக்குப் பேர் போனவர் அல்லர். அப்படிப்பட்டவர் இந்த இடையூற்றைப் பொறுத்துக்கொண்டு இத்தனை தொகுதிகளை எழுதி முடித்தாரே என்று மகன் பிற்காலத்தில் வியக்கிறார். வீட்டிலேயே தொழிலும் செய்து பிள்ளைக்கும் கற்பிக்க முயலும் பெற்றோர் எவரும் இந்தப் பகுதியை நன்கு உணர்வர்.

காலை உணவுக்கு முன் இருவரும் உலாவச் செல்வர். அப்போது அவர்கள் இலண்டனின் வடபால் நியூயிங்டன் கிரீனில் குடியிருந்தனர். வயல்வெளிகளும் பசிய சந்துகளும் உள்ள இடம். முதல்நாள் படித்த வரலாற்று நூல்களிலிருந்து துண்டுத் தாள்களிற் குறிப்பெடுத்து வைத்திருப்பான் பையன். நடந்துகொண்டே அவற்றைப் பார்த்துப் படித்த கதையைத் தந்தைக்குச் சொல்லுவான். இடையிடையே தந்தை ஆட்சிமுறை, ஒழுக்கம், நாகரிகம் ஆகியவற்றை விளக்குவார். 1819இல் பொருளாதாரம் கற்பித்ததும் இவ்வாறே. உலாவும்போது ஒரு பகுதியைச் சொல்லுவார். மறுநாள் மகன் அதை எழுதிக் காட்ட வேண்டும். தெளிவில்லை என்றால் மீண்டும் எழுத வேண்டும். மீண்டும் மீண்டும் எழுத வேண்டும். அக்குறிப்புகளே பின்னர்த் தந்தை 1821இல் வெளியிட்ட பொருளாதார நூலுக்கு உதவின.

இம்முறையின் உயிர்நிலை யாதெனில், தானே சிந்தித்துக் காண இயலும் எதனையும் தந்தை முன்கூட்டிச் சொல்லிவிடுவதில்லை. முயன்று முயன்று தோற்ற பிறகே விளக்கம் வரும். நினைவை நிரப்புவது கல்வியாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதனைச் செய்வது எளிதன்று. ஒருவனுக்கு ஒருவர் என்னும் வீட்டுக் கல்வியின் உண்மையான வலிமை இங்கேதான் உள்ளது.

குறைகளும் அம்முறைக்குள்ளேயே இருந்தன. ஏழு வயதுக்குள் பிளேட்டோவின் உரையாடல்கள் சிலவற்றைப் படிக்கச் செய்தார். அவற்றுள் ஒன்று தனக்குப் புரிந்திருக்கவே முடியாது என்று மகன் எழுதுகிறார். பதின்மூன்று வயதளவில் பேச்சிடையே ‘கருத்து’ என்னும் சொல்லை மகன் வழங்க, கருத்தென்றால் என்ன என்று வரையறுக்கச் சொல்லி, அது இயலாதபோது தந்தை சினந்தார். பெரிய தத்துவ ஆசிரியர்களும் தடுமாறும் வினா அது. இவற்றினும் ஆசிரியர் கருதத்தக்கது வாய்விட்டு வாசிக்கும் பயிற்சியாகும். குரலை ஏற்றவும் இறக்கவும் உரிய இலக்கணத்தைத் தந்தை விரிவாக வகுத்திருந்தார். பையன் பிழையாக வாசித்தால் கடிந்து, விதியை எடுத்துக் கூறுவார். ஆனால் ஒருநாளேனும் தாமே ஒரு வாக்கியத்தை வாசித்து, இப்படி வாசிக்க வேண்டும் என்று காட்டியதில்லை. பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டு மாணவரும் மாதிரி வாசிப்பை விட்டுவிட மாட்டார். கண்ணால் காணும் பொருளின்றி வெறும் விதியே பிள்ளைக்குப் போதும் என்று நம்பியது தந்தையின் பெரும்பிழை என்று மகன் தெளிவாகவே கூறுகிறார். இந்தியாவைக் காணாமலும் இந்திய மொழியொன்றையும் கல்லாமலும் இந்தியாவின் வரலாற்றை எழுதி, அவ்வாறு எழுதுவதே நடுநிலைக்கு ஏற்றது என்று முன்னுரையில் வாதாடியவரும் இத்தந்தையே. இரண்டும் ஒரே மனத்தின் விளைவுகள் எனல் தகும்.

எட்டு வயதில் ஜானுக்கு வேறொரு கடமை வந்தது. இலத்தீனைத் தான் கற்கக் கற்கத் தங்கைக்குக் கற்பிக்க வேண்டும். பின்னர் மற்றத் தம்பி தங்கையரும் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்தனர். நாளின் பெரும்பகுதி இதிலேயே சென்றது.

இதனைக் கேட்கும் தமிழாசிரியர்க்குத் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை நினைவுக்கு வருவது இயல்பு. இவ்விரண்டிற்கும் உண்மையான உறவும் உண்டு. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்க்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொணர்ந்தார். ஆசிரியர்கள் ஒத்துழையாதபோது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சட்டாம்பிள்ளையாக அமர்த்தினார். அம்முறையை விளக்கி 1797இல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று அது அங்கே பெயர் பெற்றது. லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த பள்ளிகளை நடத்தினார். யார் முறை சிறந்தது என்று இருசாராரும் பூசலிட்டபோது, லங்காஸ்டர் பக்கம் நின்று 1812இல் எழுதியவர்களுள் ஜேம்ஸ் மில்லும் ஒருவர். நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த செலவிற் படிக்கவைக்கப் பிறந்த ஏற்பாடு, இவ்வாறு ஒரு வீட்டின் கூடத்துக்குள்ளும் இடம் பிடித்தது.

அஃது எப்படி நடந்தது என்பதைக் கூறுவதே மேற்சொன்ன கடிதம். அதனை எழுதிய பிரான்சிஸ் பிளேஸ், இலண்டனில் கடை வைத்திருந்த தையற்காரர். சீர்திருத்த அரசியலில் ஈடுபட்டவர். தாமும் பல பிள்ளைகளின் தந்தை. அறிஞர் பெந்தம் அந்நாளில் தென்மேற்கு இங்கிலாந்தில் போர்டு ஆபி என்னும் பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்திருந்தார். ஆண்டின் ஒரு பகுதியை மில் குடும்பம் அங்கே கழிக்கும். 1817ஆம் ஆண்டுக் கோடையில் பிளேசும் அங்கே சென்றிருந்தார்.

காலை ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே தந்தை எழுந்துவிடுவார். வரலாற்று நூல் அச்சாகிக்கொண்டிருந்த காலம் அது. பதினொரு வயது ஜான் கையெழுத்துப் படியை வாசிக்க, தந்தை அச்சுப் படியைத் திருத்துவார். ஏழு மணிக்குள் தங்கையர் இருவர் கூடத்துக்கு வந்துவிடுவர். அச்சு வேலை முடிந்ததும் ஜான் அறையின் மறுகோடிக்குச் சென்று அவர்களுக்குப் பாடம் சொல்லுவான். அதனோடு தன் வடிவக் கணிதத்தையும் படிப்பான். ஒன்பது மணிக்குக் காலை உணவு. பிறகு தந்தை உலாவிக்கொண்டே முதலில் பெண்களின் பாடத்தையும் அடுத்து ஜானின் பாடத்தையும் கேட்பார். பகல் ஒரு மணி ஆகிவிடும்.

ஒருநாள் பெண்கள் பாடத்தைச் சரியாக ஒப்பிக்கவில்லை. ஒரு மணிக்கு வந்த பகலுணவு அப்படியே திருப்பி அனுப்பப்பட்டது. மூன்று மணிக்குப் பிளேஸ் கடிதம் எழுதிக்கொண்டிருக்கையில், அவ்விருவரும் இன்னும் புத்தகத்தை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தனர். ஜானுக்கும் உணவில்லை, தவறாகச் சொன்னவர்களைத் தேறியதாக விட்டுவிட்டது அவன் குற்றம். ஆறு மணி வரை மூவருக்கும் பட்டினி. அவர் வந்த பின் இது இரண்டாவது முறை. அன்றைய பிழை, ஒரே ஒரு சொல். ஜேம்ஸ் மில்லின் கற்பிக்கும் முறையைப் போன்ற சிறந்த முறையைத் தாம் கண்டதில்லை என்று பாராட்டும் அதே கடிதத்தில், அவர் அளவுகடந்த கண்டிப்புடையவர் என்றும் பிளேஸ் எழுதினார்.

பள்ளியிலும் அக்காலத்தில் தண்டனைக்குக் குறைவில்லை. பிரம்பு எங்கும் ஓங்கிய காலம். ஆனால் பள்ளியில் அடிபட்ட பிள்ளை மாலையில் வீட்டுக்குப் போகலாம். ஆசிரியர் கடிந்தால் தாயிடம் சொல்லலாம். தந்தை கடிந்தால் மறுநாள் வகுப்பில் தோழனோடு சிரித்து மறக்கலாம். மில் இல்லத்தில் ஆசிரியரும் தந்தையும் ஒருவரே; சட்டாம்பிள்ளையும் அண்ணனும் ஒருவனே. பள்ளி விட்டபின் போவதற்கு வேறு வீடு இல்லை. வீட்டுக் கல்வியில் எல்லாவற்றிலும் கடினமானது இதுவே; இலத்தீனும் வடிவக் கணிதமும் அன்று. ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, அவ்வீட்டை நடத்திய தாய் ஹாரியட்டைப் பற்றித் தன்வரலாற்றில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. முதற்படியில் அன்னையைப் பற்றிக் கசப்பாகச் சில வரிகளை எழுதிய மில், அச்சுக்கு வருமுன் அவற்றை அடித்துவிட்டார். தந்தையைத் தாம் அஞ்சியதே மிகுதி என்பதை மட்டும் மறைக்கவில்லை. உடன்பிறந்தார்க்குக் கற்பித்ததைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதினார். அதனால் தம் பாடம் மனத்தில் ஆழப் பதிந்தது உண்மையே. ஆயினும் பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை கற்பித்தலாகவும் சிறவாது, இருவர் ஒழுக்கத்துக்கும் நன்மை தராது என்பது அவருடைய தீர்ப்பு.

1820இல் பதினான்கு வயதில் ஜான் பிரான்சு நாட்டுக்குப் புறப்பட்டான். பயணத்துக்கு முன் ஹைடு பூங்காவில் உலாவும்போது தந்தை ஓர் உண்மையைச் சொன்னார்: உன் வயதினர் அறியாத பலவற்றை நீ அறிவாய், அது உன் திறமையன்று, கற்பிக்க வல்ல தந்தை வாய்த்த பேறு. அதுவரை பையன் தன்னைப் பின்தங்கியவன் என்றே எண்ணியிருந்தான். பிரான்சில் பெந்தமின் தம்பி குடும்பத்தோடு ஓராண்டளவு தங்கினான். அங்கே மலையேறினான், பிரெஞ்சு கற்றான், நாட்டியமும் வாட்போரும் குதிரையேற்றமும் பயின்றான். கையால் செய்யும் வேலை எதிலும் தடுமாறிய பையனுக்கு அவை பெரிதாக வந்துவிடவில்லை. ஆயினும் தன் வீடல்லாத ஒரு வீட்டில் அவன் வாழ்ந்தான்.

1826ஆம் ஆண்டில், இருபது வயதில், மில்லின் உள்ளம் ஒருமுறை முற்றிலும் சோர்ந்தது. விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் இப்பொழுதே நிறைவேறினால் மகிழ்வாயா என்று தம்மையே கேட்டுக்கொண்டார்; இல்லை என்றது மனம். ஆராயக் கற்ற மனத்துக்கு உணரக் கற்பிக்கப்படவில்லை என்று கண்டார். இத்துயரைத் தந்தையிடம் சொல்லவும் அவரால் இயலவில்லை. தம் கல்வி தோற்றது என்று தந்தைக்குக் காட்டுவதால் யாது பயன் என்று எண்ணி வாளாவிருந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் மார்மோந்தேலின் நினைவுக் குறிப்பில், தந்தையை இழந்த குடும்பத்துக்குச் சிறுவனொருவன் ஆறுதலாய் நிற்கும் இடத்தைப் படித்தபோது கண்ணீர் வந்தது. பாரம் சற்றுக் குறைந்தது. 1828இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் மேலும் துணை செய்தன.

இத்தனைக்கும் பிறகு மில் தம் கல்வியைப் பழிக்கவில்லை. ஒத்த வயதினரைவிடக் கால் நூற்றாண்டு முன்னதாகவே வாழ்வைத் தொடங்கினேன் என்ற கருத்தில் நன்றியோடு எழுதினார். பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும் என்றும் அவர் வாதிடவில்லை. 1859இல் வெளியிட்ட ‘சுதந்திரம்’ என்னும் நூலில், கல்வியைக் கட்டாயமாக்குவது அரசின் கடமை, அதனை எங்கே எவ்வாறு பெறுவது என்பது பெற்றோரின் உரிமை என்றார். பிள்ளைகளை இளவயது முதல் அரசு தேர்வு செய்து பார்க்க வேண்டும். முதலில் வாசிக்கத் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் பாடத்தை விரிக்க வேண்டும். இன்று சிங்கப்பூர் வீட்டுக் கல்விக்கு வைத்திருக்கும் ஏற்பாட்டை இது பெரிதும் ஒத்திருப்பதைக் காணலாம். பிள்ளை வாசிக்கத் தெரியாமல் நின்றால் என்ன செய்வது என்பதற்கும் அந்நூலில் விடையுண்டு. தக்க காரணம் இல்லையேல் தந்தைக்கு அளவான அபராதம் விதிக்கலாம். கட்ட இயலாதவரை உழைத்துத் தீர்க்கச் செய்யலாம். பிள்ளையை அத்தந்தையின் செலவிலேயே பள்ளிக்கு அனுப்பலாம்.