உங்களுக்குத் தெரியுமா? மூச்சோடு நகரும் கல்லீரல்

ஒருவர் அமைதியாக மூச்சுவிடும்போதுகூட, உதரவிதானம் தாழ்ந்து எழுவதால், அதன் கீழ் ஒட்டியிருக்கும் கல்லீரல் ஏறத்தாழ 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை மேலும் கீழுமாக நகர்வதுடன், தன் வடிவத்தையும் சிறிது மாற்றிக்கொள்கிறது. ஆகவே, சீ.டி. ஸ்கான் படத்தில் ஓரிடத்தில் தெரிந்த புற்றுக்கட்டி, கதிர்ச்சிகிச்சை வேளையில் அங்கேயே இருக்கும் என்று கொள்ள இயலாது.

ரொறன்ரோ நகரின் நடுவில் உள்ள பிரின்செஸ் மார்கரெட் மருத்துவமனையில், மருத்துவ இயற்பியலாளர் கிறிஸ்டி புரொக்கும் அவருடைய குழுவினரும் வளர்த்தெடுத்து, 2005இல் ‘மெடிக்கல் ஃபிசிக்ஸ்’ ஆய்விதழில் துல்லியத்தை மதிப்பிட்டு வெளியிட்ட ‘மோர்ஃபியஸ்’ என்னும் கணினி முறை இச்சிக்கலுக்கு விடை தேடியது. அம்முறை, உறுப்பின் உட்பகுதியை நான்முகிகள், அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நுண்கூறுகள், பலவாகப் பகுத்து, ஒவ்வொரு திசுவும் விசைக்கு எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதைக் குறிக்கும் மீள்தன்மை அளவை அவற்றுக்கு வழங்குகிறது. பின்னர், மூச்சை உள்ளிழுத்த நிலைக்கும் வெளிவிட்ட நிலைக்கும் இடையே உறுப்பின் மேற்பரப்பு நகர்ந்த அளவைக் கொண்டு, உள்ளிருக்கும் ஒவ்வொரு புள்ளியும் எங்கே சென்றிருக்கும் எனக் கணிக்கிறது. இக்கணிப்பு துல்லியமாக அமையுமளவுக்கு, கட்டியைச் சுற்றிப் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்படும் விளிம்பைக் குறுக்கி, நலமான கல்லீரல் பகுதி பெறும் கதிர்வீச்சைக் குறைக்க முடிகிறது.